காலேஜ் மூடினால் அடுப்பும் மூடுமா?

கலைஞர் கருணாநிதி நகர் என்று முழுப் பெயரையும் சொன்னால் ஆட்டோக்காரர் ஒரு கணம் யோசிப்பார். கே.கே. நகர் என்றால்தான் வண்டி புறப்படும். அந்தக் கே.கே. நகரில் பல வருஷங்களாக வாசம் செய்துவரும் உபாத்தியாயர் என்ற முறையில் நேயர்களிடம் ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறோம். விஷயம் மாணவர் கிளர்ச்சியைப் பற்றியது. கிளர்ச்சி நியாயமா, அநியாயமா என்று விவாதிப்பது நமது நோக்கமன்று. அதற்கு வேறு மேடைகள் நிறைய இருக்கின்றன. எங்கோ கிளர்ச்சி மூளுகிறது. உடனே சர்க்கார் காலேஜுகளை மூடுகிறார்கள். ஹாஸ்டல்களைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அப்போது யாருடைய வயிறு காய்கிறது என்பதே நமது கேள்வி.

எங்கள் பேட்டையில் அசோக் பில்லர் சாலையில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. காலை வேளையில் அந்த வாசலில் சிறிது நேரம் நின்றால் போதும். சென்னைப் பட்டணத்தின் உழைப்பாளி உலகம் முழுவதையும் பார்த்துவிடலாம். கிண்டித் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர், தையல் கம்பெனியில் நாள் முழுவதும் காஜா எடுக்கும் பெண், ஓட்டல் சப்ளையர், இரவெல்லாம் கண் விழித்த வாட்ச்மேன் - எல்லோரும் கையில் ஓர் அட்டையுடன் வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த அட்டை தானமாகக் கிடைத்ததன்று. 1948-ம் வருஷம், சுதந்திரம் வந்த சூட்டோடு சூடாக, இயற்றப்பட்ட சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சிறு தொகையும், முதலாளி செலுத்தும் தொகையும் சேர்ந்து நடத்துகின்ற வைத்திய வசதி அது. 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரில் பண்டித நேரு அத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 2015-ம் வருஷக் கணக்குப்படி, மாதம் பத்தாயிரம் ரூபாய் வாங்கும் தொழிலாளியின் சம்பளத்தில் 175 ரூபாய் அதற்காகப் பிடிக்கப்பட்டது.

2010-ல் சட்டத்தைத் திருத்தி, வைத்தியக் கல்லூரிகளும் நடத்தலாம் என்று ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அதன் பலனாக 2013-ல் எங்கள் கே.கே. நகர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஒரு மெடிக்கல் காலேஜ் உதயமாயிற்று. வருஷத்துக்கு நூறு மாணவர்கள். அதில் ஒரு பகுதி இடங்கள், சம்பளத்தில் பணம் பிடிக்கப்பட்ட அதே தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டன. லேத் ஓட்டுகிறவரின் மகள் டாக்டராகலாம்! இந்தச் செய்தி எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை பெற்றோர்களை நிமிர்ந்து உட்காரச் செய்தது என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. டாக்டர்களை உற்பத்தி செய்வது தமது வேலையன்று, தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பதே தமது வேலை என்று கூறி, கார்ப்பரேஷனார் வைத்தியக் கல்வியிலிருந்து அடியோடு விலகிக் கொள்ளத் தீர்மானித்தார்கள். 2015 ஜனவரியில் இச்செய்தி பரவியது. பொங்கல் சமயம். இரண்டு வருஷத்து மாணவர்களும் வகுப்பை விட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். பெற்றோர்களும் வந்தார்கள். கலபுரகி, பெங்களூரு முதலிய ஊர்களிலிருந்த ஈ.எஸ்.ஐ. கல்லூரிகளிலும் இதே காட்சிதான்.

அந்த நாட்களில் ஒரு மாலை அவ்வழியே போகையில், மருந்துச் சீட்டுடன் வெளியே வந்த ஒரு முதியவர் மாணவர்களைச் சுட்டிக் காட்டி, "இவங்க எல்லாம் ஸ்டிரைக் பண்ணா ஊசி யாரு சார் போடுவாங்க?" என்று நம்மிடம் கவலையோடு கேட்டார். ஊசி போடும் படிப்பு அவர்களுக்கு இன்னும் வரவில்லை, உள்ளே டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னோம். அவர் சமாதானமடைந்தார். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. கிளர்ச்சி என்றதும், "நம் வைத்தியம் நின்றுவிடுமோ?" என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியிருக்கிறது. கோஷத்தின் பொருள் அவர் காதில் விழவே இல்லை. அந்தக் கல்லூரி எழுந்ததே அவர் போன்றவர்களின் பணத்தினால்தான் என்பதையும் யாரும் அவருக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

கல்லூரி மூடப்படவில்லை. இன்றும் ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனே அதை நடத்துகிறது.

எங்கள் பேட்டையில் நடந்தது 'மூடாதே' என்று கேட்ட கிளர்ச்சி. ஆகவே அதில் மாணவர் பக்கமும் ஏழையின் பக்கமும் ஒரே பக்கமாக இருந்தன. மற்றக் கிளர்ச்சிகளில் அப்படியில்லை. மாணவர்கள் வேறு ஏதோ ஒரு பெரிய காரணத்துக்காக வெளியே வருகிறார்கள்; சர்க்கார் கலைக்கப் பார்க்கிறார்கள்; கலைப்பதற்கு அவர்களுக்குத் தெரிந்த சுலபமான வழி கதவைப் பூட்டுவது.

2009-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி, ஈழத்தில் யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் எதிரில் முத்துக்குமார் என்ற இளைஞர் தீக்குளித்து மாண்டார். மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். மாதம் முடிவதற்குள்ளேயே கல்லூரிகளும் ஹாஸ்டல்களும் காலவரையின்றி மூடப்படும் என்று உத்தரவு பிறந்தது. மறுபடியும் 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் இலங்கைப் பிரச்னைக்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். போலீஸார் அவர்களை அப்புறப்படுத்தியதும் தமிழ்நாடெங்கும் கிளர்ச்சி பரவியது. முதலில் கலைக் கல்லூரிகளும், பின்னர் இஞ்சினீயரிங் கல்லூரிகளும் மூடப்பட்டன. ஜினீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்ஸில் மார்ச் 21-ந் தேதி தீர்மானம் நிறைவேற்றிய சமயத்தில், இங்கே பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கோயம்பேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

அப்படிச் சுருட்டியவர்களில் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முன்பு சில வருஷங்கள் செஞ்சிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாம் வேலை பார்த்தபோது நம்மிடம் கணக்குப் படித்தவள். தகப்பனார் கரும்பு வெட்டுகிறவர். அந்த ஊரிலிருந்து இஞ்சினீயரிங் படிக்கச் சென்னைக்கு வந்த முதல் பெண் அவள்தான். மூன்றாம் வருஷம். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்ச் சுருள், ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் வாளி. ஹாஸ்டலில் மத்தியானம் நோட்டீஸ் ஒட்டினார்களாம். மாலைக்குள் காலி செய்ய வேண்டுமாம். "நான் கிளர்ச்சிக்கே போகலை சார்" என்றாள். சிறிது நேரம் கழித்து, "போயிருக்கலாம்" என்றும் சொன்னாள்.

வீட்டில் சாப்பாடு போட்டார்கள். காலையில் முதல் பஸ் பிடிக்கலாமே என்றோம். அவள் பதில் சொல்லாமல் தட்டைப் பார்த்துக் கொண்டிருந்தாள். அத்தை மகன் ஒருவன் இருக்கிறான். இரண்டு வருஷமாக, "படிப்பு முடியட்டும்" என்று சொல்லித்தான் அந்தப் பேச்சைத் தள்ளி வைத்திருக்கிறாள். இப்பொழுது படிப்பே நின்றுவிட்டது என்றால் என்ன சொல்லித் தள்ளுவது? ஹாஸ்டல் என்றால் நம்மில் பலருக்குத் தண்ணீர்ச் சாம்பாரும் வேகாத சப்பாத்தியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கலியாணத்தைத் தள்ளிப் போடுவதற்கு ஒரு பெண்ணுக்கு இருந்த ஒரே முகாந்திரம் அந்த ஹாஸ்டல் கட்டில்தான் என்பது அன்றிரவு நமக்குப் புரிந்தது.

அவள் தகப்பனாருக்கு டெலிபோன் செய்தோம். "பரீட்சை நடக்கும், நிச்சயம் திறப்பார்கள்" என்று உறுதி கூறினோம். எந்தத் தேதியில் என்று அவர் கேட்டார். காலவரையின்றி மூடியிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? பத்து நாள் என்றோ, பதினைந்து நாள் என்றோ உத்தரவில் ஒரு தேதி போட்டிருந்தால், அந்தத் தேதியை வைத்துக் கொண்டு ஒரு தகப்பனாரிடம் வாதாடலாம். தேதி போடாமல் மூடுவதில் கிளர்ச்சிக்காரர்களைத் திகைக்க வைக்கும் தந்திரம் ஏதேனும் இருக்கலாம். திகைத்தவர் செஞ்சிப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் இருந்தார்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த எம்.ஜி.ஆர். நகரிலிருந்து ஓர் அம்மாள் ஒரு கல்லூரி ஹாஸ்டல் மெஸ்ஸுக்குக் காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் போய் வந்தார். காண்டிராக்டர் தரும் தினக்கூலி. பிள்ளைகள் இல்லையென்றால் சமையல் இல்லை; சமையல் இல்லையென்றால் கூலி இல்லை. அரிசிக்குக் கஷ்டமில்லை, 2011 முதல் ரேஷன் கடையில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் காஸ் சிலிண்டர் இலவசமா? வீட்டு வாடகை இலவசமா? அவர் தண்டலுக்குப் பணம் வாங்கியிருந்தார். தண்டல்காரர் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு விடுகிறவரல்லர்; சர்க்கார் உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தாது. அந்த வாரங்களில் தினமும் காலையில் நம்மைத் தெருவில் கண்டால், "பேப்பர்ல போட்டிருக்கா சார், எப்ப திறப்பாங்கன்னு?" என்று கேட்பார். இலங்கைப் பிரச்னையில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாமலில்லை. டெலிவிஷனில் அந்தப் பாலகனின் படத்தைப் பார்த்து அழுததாக ஒரு நாள் சொன்னார். அழுதுவிட்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

சைதாப்பேட்டையில் ராவ் பகதூர் எம்.சி. ராஜா அவர்களின் பெயரால் ஆதி திராவிட மாணவர் விடுதி ஒன்று இருப்பதைப் பலர் அறிவார்கள். எம்.சி. ராஜாவும் ஆதியில் நம்மைப் போல் ஓர் உபாத்தியாயரே. இத்தகைய விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளில் பலர், விடுமுறை நாட்களில் கலியாண மண்டபங்களில் பரிமாறப் போய், அந்தக் கூலியில் புத்தகம் வாங்குகிறவர்கள். ஊரில் அவர்களுக்குத் தனி அறை கிடையாது, மேஜை கிடையாது, பல வீடுகளில் பிள்ளை திரும்பி வந்தால் வேலைக்கு ஒரு கை கூடிற்று என்ற எண்ணந்தான். வசதியுள்ள மாணவன் வீட்டுக்குப் போனால் தாயார் பாதாம் பாலுடன் மாடிக்கு வருவாள். அவன் பரீட்சைக்குப் படிப்பான். காலேஜை மூடும் உத்தரவு எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதப்படுகிறது. அது வீட்டுக்கு வீடு வெவ்வேறு உத்தரவாக மாறிவிடுகிறது என்பதை எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை.

இவ்விஷயத்தில் நமது தேசத்தின் பெரியவர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. 1920-ல் மகாத்மா ஒத்துழையாமையைத் தொடங்கியபோது, சர்க்கார் கல்லூரிகளை விட்டு வெளியேறும்படி மாணவர்களை அழைத்தார். கவி ரவீந்திரநாதருக்கு அது சம்மதமில்லை. அதற்கு முன் வங்காளத்தில் சுதேசி இயக்கம் நடந்தபோதே, தாங்கள் உத்தரவிட்டால் இந்த நிமிஷமே படிப்பை விட்டுவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு சில மாணவர்கள் அவர் வீட்டுக்கு வந்தார்களாம். அவர் முடியாது என்று மறுத்துவிட்டார். கவிக்குத் தேசபக்தி இருக்கிறதா என்று சந்தேகப்பட்டுக் கொண்டே அவர்கள் கோபமாகத் திரும்பிப் போனார்கள் என்று அவரே பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இருவரில் யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூற நாம் யார்? ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வெளியே வாருங்கள் என்று அழைத்த அதே 1920-ல் காந்திஜி ஆமதாபாத்தில் குஜராத் வித்யாபீடத்தையும் ஸ்தாபித்தார். அடுத்த வருஷம் காசியில் வித்யாபீடம் தோன்றியது. வெளியே வந்த பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பான் என்ற கவலையும் அந்தக் காலத்தில் இயக்கத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. நமது காலத்தில் வெளியே அழைப்பவர்களும் உண்டு, வெளியே தள்ளுபவர்களும் உண்டு. பாய் விரித்துக் கொடுப்பவர்களைத்தான் காணோம்.

சமுத்திரத்துக்கு அப்பால் இலங்கையில் நடந்தது இன்னும் மோசம். 1987-க்குப் பிறகு தெற்கே நடந்த கலவரத்தில் சர்வகலாசாலைகள் வருஷக் கணக்கில் மூடிக் கிடந்தன. பணம் படைத்தவர்கள் தங்கள் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் வயதை எண்ணிக்கொண்டு காத்திருந்தார்கள்.

படிப்போடு சம்பந்தமே இல்லாதவர்கள்கூட நஷ்டமடைவதுண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரீனாக் கடற்கரையில் கூடிய கூட்டத்தைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்; நாமும் ஒரு மாலை போய் வந்தோம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவ்வளவு ஒழுங்கை நாம் அதற்கு முன் கண்டதில்லை. ஜனவரி 23-ந் தேதி திங்கட்கிழமை காலை போலீஸார் கூட்டத்தைக் கலைத்தார்கள். ஓடிய பிள்ளைகளுக்குக் கடற்கரையோரத்துக் குப்பத்து மீனவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், வழி காட்டினார்கள். அன்று நடுக்குப்பத்து மீன் மார்க்கெட் எரிந்து சாம்பலாயிற்று. போலீஸாரே கொளுத்தினார்கள் என்று மீனவப் பெண்கள் கூறினார்கள்; போலீஸ் தரப்பில் அதை மறுத்தார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ராஜேஸ்வரன் தலைமையில் விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. ஜல்லிக்கட்டு மசோதா அன்று மாலையே சட்டசபையில் நிறைவேறியது. மாணவர்கள் கேட்டது கிடைத்துவிட்டது. மறு வாரம் வகுப்புக்குப் போனார்கள். மீன்காரப் பெண்கள் கருகிப்போன இடத்துக்கு எதிரில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜல்லிக்கட்டு வேண்டும் என்று முதலில் சொன்னவர்கள் அவர்கள் அல்லர். ஓடி வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தார்கள் என்பதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை.

கதவைப் பூட்டுவதோடு நில்லாமல், தண்ணீரையும் நிறுத்துவதுண்டு. சிதம்பரத்தில் 1929-ல் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய சர்வகலாசாலையை 2013-ல் தமிழ்நாடு சர்க்கார் தம் நிர்வாகத்தில் எடுத்துக் கொண்டார்கள். ஆனால் அதைச் சேர்ந்த ராஜா முத்தையா மெடிக்கல் காலேஜில் மட்டும் பழைய தனியார் கட்டணமே தொடர்ந்தது. சர்க்கார் மெடிக்கல் காலேஜில் வருஷத்துக்கு 13,610 ரூபாய்; இங்கே ஐந்து லட்சத்துக்கும் மேல். சர்க்கார் கல்லூரி என்றால் சர்க்கார் கட்டணம் வேண்டும் என்று 2020 டிசம்பரில் மாணவர்கள் கிளர்ச்சி தொடங்கினார்கள். ஜனவரியில் கல்லூரியை மூடி, ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். மாணவர்கள் அசையவில்லை. மெஸ் மூடப்பட்டது; தண்ணீரும் மின்சாரமும் நிறுத்தப்பட்டன. அவர்கள் வெட்ட வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கிளர்ச்சியைத் தொடர்ந்தார்கள். அந்த மாத இறுதியில் கல்லூரியைச் சுகாதார இலாகாவுக்கு மாற்றி உத்தரவு வந்தது. பின்னர் கட்டணமும் குறைந்தது.

மெஸ்ஸை மூடியதால் கிளர்ச்சி அடங்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உறுதியுள்ளவன் சோறில்லாவிட்டாலும் உட்கார்ந்திருப்பான். உண்ணாவிரதம் இருப்பவனுக்கு மெஸ் எதற்கு? வேறு கதியில்லாமல் ஹாஸ்டலில் இருந்தவனும், அங்கே காய் நறுக்கிப் பிழைத்தவளும்தான் அடங்குவார்கள். வகுப்புகளை நிறுத்துவது சில சமயம் அவசியமாகவே இருக்கலாம். கல்லெறியும் ரத்தமும் வராமல் பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு சர்க்காருக்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. வகுப்பறைப் பூட்டுக்கும் சமையலறைப் பூட்டுக்கும் ஒரே சாவி எதற்கு என்றுதான் கேட்கிறோம். ஊருக்குப் போக முடியாதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வார்டன் அரை மணி நேரத்தில் கணக்கெடுத்துவிடலாம். அவர்களுக்கு ஒரு கூடத்தைத் திறந்து விடலாம். மாணவர் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை: கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது, கிளர்ச்சி நாட்களுக்கும் மெஸ் தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று கடைசியிலாவது ஒரு வரி சேர்த்ததை நாம் இதுவரை பார்த்ததில்லை.

எம்.ஜி.ஆர். நகர் அம்மாள், கல்லூரி திறந்த பிறகு மறுபடி வேலைக்குப் போனார். ஆனால் இடையில் தண்டலைக் கட்டுவதற்காக இன்னொரு தண்டல் வாங்கியிருந்தார். அதை அடைக்க அந்த வருஷம் தீபாவளி வரையில் ஆயிற்று.

செஞ்சிப் பெண் பரீட்சைக்கு வந்தாள். கழுத்தில் புதிதாக ஒரு மெல்லிய சங்கிலி இருந்தது. நிச்சயதார்த்தத்தில் போட்டது என்றாள். ஆவணியில் கலியாணம். நான்காம் வருஷம் படிக்க விடுவதாக மாப்பிள்ளை வீட்டார் வாக்குக் கொடுத்திருப்பதாகவும் சொன்னாள். அதை அவள் நம்பியதாகவே தோன்றியது. பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும்போது, "வாளியை ஜூனில் வந்து எடுத்துக்கறேன் சார்" என்றாள். எங்கள் கொல்லைப்புறக் குழாயடியில் அந்தப் பச்சை வாளி இன்னும் இருக்கிறது. கைப்பிடி ஒடிந்து போயிற்று; கம்பி கட்டி உபயோகித்து வருகிறோம்.